கீத்தோ: மலைமேல் ஒரு தலைநகருக்குப் பயணத் திட்டம்

கீத்தோ நகரின் விமான நிலையம் நகரைக் காட்டிலும் தாழ்வான இடத்தில் உள்ளது. ஈக்வடார் நாட்டின் தலைநகரான கீத்தோ, கடல் மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரத்தில், பிச்சிஞ்சா எரிமலையின் கிழக்குச் சரிவை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி வரை விமானங்கள் ஊருக்குள்ளேயே இறங்கின. அதன்பின் நிலையம் கிழக்கே தபபேலா சமவெளிக்கு மாற்றப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர். இந்த 450 மீட்டர் வேறுபாட்டைப் பெரும்பாலான பயணிகள் கவனிப்பதில்லை. விமானத்தை விட்டு இறங்கிய கையோடு வாடகைக் காரில் ஏறி, நகரின் உயரமான பகுதியில் உள்ள விடுதிக்குச் சென்றுவிடுகின்றனர். நாம் பரிந்துரைப்பது வேறு. முதல் இரவை விமான நிலையத்தை ஒட்டிய பள்ளத்தாக்குச் சிற்றூர்களில் ஒன்றில் கழித்துவிட்டு, மறுநாள் நகருக்கு ஏறுங்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

இவ்விதழின் வாசகர்களில் ஓய்வூதியர்கள் கணிசமானோர். பல்லாண்டுச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, வாழ்நாளில் ஒருமுறை தொலைதூர நாடொன்றைக் காண விரும்புவோருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். தென்னமெரிக்காவில் உயர்ந்த மலைநகரங்கள் வேறும் உண்டு. பொலிவியாவின் அரசு இயங்கும் லா பாஸ் 3,600 மீட்டருக்கு மேல் உள்ளது. அதன் விமான நிலையம் 4,000 மீட்டரையும் தாண்டியது. கொலம்பியத் தலைநகர் பொகோதா ஏறத்தாழ 2,600 மீட்டர். கீத்தோவைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். உயரம் உடலுக்குச் சவாலாக இருந்தாலும் முறையான திட்டத்தால் சமாளிக்கக் கூடியது. மற்றொன்று, அங்கே புழங்கும் நாணயம் அமெரிக்க டாலர். வங்கி வாடிக்கையாளருக்கு அதனால் கிடைக்கும் வசதி சிறிதன்று.

உயரம் உடலுக்குச் செய்வது என்ன?

உதகமண்டலம் 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கீத்தோவின் கடைத்தெருக்கள் தொட்டபெட்டாவின் உச்சியைவிட 200 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. லே நகரின் 3,500 மீட்டரைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய உயரமாகத் தோன்றாது. ஆயினும் 2,500 மீட்டருக்கு மேல் சென்றாலே மலைநோய் வரக்கூடும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு.

உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைந்துவிடுகிறது என்று பலரும் கூறுவர். உண்மையில் அதன் விகிதம் அங்கும் 21 சதவீதமே. குறைவது காற்றின் அழுத்தம். கீத்தோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் பிராணவாயுவின் அளவு ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைகிறது. உடல் உடனே வேகமாக மூச்சுவிடத் தொடங்குகிறது. வேக மூச்சினால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சீராக்கச் சிறுநீரகங்களுக்கு ஓரிரு நாட்கள் வேண்டும். அந்த ஓரிரு நாட்களைத்தான் நாம் பயணத் திட்டத்தில் ஒதுக்கித் தர வேண்டும். மருந்தோ மன உறுதியோ அதற்கு ஈடாகாது. தலைவலி, குமட்டல், அயர்ச்சி, தூக்கமின்மை ஆகியவை வந்து சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தோன்றலாம். முதல் பொழுது நன்றாக இருந்ததை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர் உண்டு.

முதல் இரு நாட்களில் மெதுவாக நடத்தல், நிறைய நீர் அருந்துதல், இரவில் வயிறு நிறைய உண்ணாதிருத்தல், மதுவைத் தவிர்த்தல் ஆகியன போதுமானவை. அசெட்டசோலமைடு என்னும் மாத்திரையை முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோர் உண்டு. அதை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நடையில் தள்ளாட்டம், பேச்சிலோ நினைவிலோ குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. உடனே தாழ்வான இடத்துக்கு இறங்கி மருத்துவமனை செல்ல வேண்டும். கீத்தோவிலிருந்து வடமேற்கே சாலை வழியாக இரண்டு மணி நேரத்தில் 1,250 மீட்டர் உயரமுள்ள மிந்தோவை அடைந்துவிடலாம் என்பது நமக்குச் சாதகமான செய்தி.

ஆண்டிஸ் மலைநாடுகளில் உயரத்தால் வரும் தொல்லைக்குக் கோகா இலைத் தேநீர் தருவது வழக்கம். அங்கே அருந்துவது அவரவர் விருப்பம். ஆனால் அந்த இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ நினைவுப் பொருளாக இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். நமது போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் கோகா இலை தடை செய்யப்பட்ட பொருள்.

திரும்பி வருவதற்கும் ஒரு சான்றிதழ்

உயரத்தைவிட அதிகமானோர் சிக்கிக்கொள்ளக்கூடிய இடம் இது. மஞ்சள் காய்ச்சல் நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் ஈக்வடார் இடம்பெற்றுள்ளது. நோயைப் பரப்பும் கொசு கீத்தோவின் குளிரில் வாழ்வதில்லை; அமேசான் காட்டுப் பகுதிக்குச் செல்வோருக்கே உண்மையான ஆபத்து. எனினும் நமது நாட்டின் விதி ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. அத்தகைய நாட்டிலிருந்து புறப்பட்டு ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்து சேரும் எவரிடமும் செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையெனில், அவரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இடையில் ஐரோப்பாவில் விமானம் மாறி வந்தாலும் இதில் மாற்றமில்லை.

சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுமைக்கும் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இத்தடுப்பூசி போடப்படுகிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. மையங்களில் முன்பதிவு செய்து காத்திருக்க நேரிடலாம் என்பதால், புறப்படும் நாளுக்கு இரு மாதங்கள் முன்பே இதைத் தொடங்குவது உத்தமம். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக இவ்வூசி போட்டுக்கொள்வோருக்குக் கடுமையான பக்க விளைவுகள் ஏற்படும் வாய்ப்பு இளையோரைவிடக் கூடுதல். ஆகவே இதற்கும் மருத்துவர் ஆலோசனை வேண்டும். ஊசி கூடாது என்று அவர் கூறினால், திரும்பும்போது எந்த விதி பொருந்தும் என்பதை விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பயணச்சீட்டில் பணம் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

நுழைவு அனுமதி பற்றியும் ஒரு சொல். 2019 ஆகஸ்டில் ஈக்வடார் இந்தியக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. இவ்விதிகள் மாறக்கூடியவை, புதுதில்லியில் உள்ள ஈக்வடார் தூதரகத்தில் கேட்டறிவதே சரியான வழி. இந்தியாவிலிருந்து கீத்தோவுக்கு நேரடி விமானம் இல்லை. ஆம்ஸ்டர்டாம், மட்ரித் ஆகிய ஐரோப்பிய நகரங்கள் வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ செல்லலாம். அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கி ஏறுவதற்கும் அந்நாட்டு விசா தேவை என்பதை மறந்து, விலை குறைந்த பயணச்சீட்டை வாங்கிவிடலாகாது.

இதோடு பாதுகாப்பு நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் ஈக்வடார் அரசு, குற்றக் கும்பல்களை எதிர்த்து உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. வன்முறை பெரும்பாலும் கடற்கரை மாகாணங்களில் நிகழ்ந்தாலும், தலைநகரிலும் எச்சரிக்கை தேவை. முன்பதிவு செய்வதற்கு முன்னும், புறப்படும் வாரத்திலும் நமது வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்த்துவிடுங்கள். விடுதியையும் பயணச்சீட்டையும் இரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்வதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானால், அது வீண் செலவன்று.

பணம்: சுக்ரேயின் கதையும் நம் பையும்

ஈக்வடாருக்கும் ஒரு காலத்தில் சொந்த நாணயம் இருந்தது. விடுதலைப் போர்த் தளபதி அந்தோனியோ ஹோசே தெ சுக்ரேயின் பெயரால் 1884இல் வந்தது அது. 1990களின் இறுதியில் வங்கிகள் அடுத்தடுத்துச் சரிந்தன. 1999 மார்ச்சில் அரசு வங்கிகளை மூடி, மக்களின் வைப்புத் தொகைகளை முடக்கியது. சுக்ரேயின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தது. 2000 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் ஹமீல் மவாத், ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்ற விகிதத்தில் அமெரிக்க டாலரையே நாட்டின் நாணயமாக்குவதாக அறிவித்தார். சில நாட்களிலேயே பதவியிழந்தார். திட்டம் மட்டும் நிலைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரோடு சுக்ரே விடைபெற்றது. முடக்கப்பட்ட வைப்புகளில் தம் சேமிப்பின் பெரும் பகுதியை இழந்த முதியவர்கள் பலர். நாணயத்தின் வீழ்ச்சி ஒரு குடும்பத்தின் முற்றத்தில் எப்படி வந்து விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

பழைய நகரில், லா கொம்பாஞியா தேவாலயத்துக்கு எதிரே, மத்திய வங்கியின் பழைய கட்டடத்தில் நாணயவியல் அருங்காட்சியகம் உள்ளது. பண்டைக்காலச் சிப்பிகள் முதல் சுக்ரே தாள்கள் வரை வரிசையாகக் காணலாம். வழிகாட்டி நூல்கள் இதற்கு ஓரிரு வரிகளே ஒதுக்கும். வங்கி இதழ் என்ற முறையில் நாம் சற்றுக் கூடுதலாகப் பரிந்துரைக்கிறோம்.

பயணிக்கு இதனால் என்ன? ரூபாயை ஒரே ஒருமுறை டாலராக மாற்றினால் போதும். டாலரில் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டையைப் பயன்படுத்தும்போது, இரண்டாவது நாணய மாற்றத்துக்கான கட்டணம் எழுவதில்லை. விதிகளின்படி, தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்குச் செலவிடலாம். சுற்றுலாவுக்குக் கையில் நோட்டாக எடுத்துச் செல்லக்கூடியது ஒரு பயணத்துக்கு 3,000 டாலர். மிகுதியை அட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். பான் எண் அவசியம். மூலத்தில் வசூலிக்கப்படும் வரி, சுற்றுலாத் தொகுப்பாக வாங்கும்போது ஒரு வகையாகவும், செலாவணியாக வாங்கும்போது வேறு வகையாகவும் கணக்கிடப்படுகிறது. விகிதங்கள் நிதிநிலை அறிக்கைகளில் மாறுவதால், வாங்கும் நாளின் விகிதத்தைக் கிளையில் கேளுங்கள். செலுத்திய வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் நிலையில் இல்லாத ஓய்வூதியர், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

உங்கள் பற்று அட்டையையோ கடன் அட்டையையோ நம்பிச் செல்வதாயின், அதில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்டுள்ளதா என்று இங்கேயே பாருங்கள். 2020 அக்டோபர் முதல், புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயங்கும் நிலையில்தான் வழங்கப்படுகின்றன. கீத்தோவில் நள்ளிரவில் ஏடிஎம் முன் நிற்கும்போது இந்தியாவில் காலை பத்தரை மணி ஆகியிருக்கும், ஆகவே உதவி கிடைக்கலாம். அங்கே பகல் இரண்டு மணியென்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். வங்கியில் பதிவு செய்துள்ள கைப்பேசி எண் வெளிநாட்டில் இயங்குவதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். கடையிலோ ஏடிஎம்மிலோ இயந்திரம் ரூபாயில் செலுத்துகிறீர்களா, டாலரிலா என்று கேட்டால், டாலர் என்பதையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தை அங்குள்ளவர் நிர்ணயிப்பார். பெரும்பாலும் நமக்கே நட்டம்.

நோட்டுகள் சிறியவையாக இருக்கட்டும். 50, 100 டாலர் நோட்டுகளைச் சிறு கடைகளும் வாடகைக் கார்களும் வாங்கத் தயங்கும். 5, 10, 20 டாலர் நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கிழிந்தவையும் எழுதப்பட்டவையும் வேண்டாம். மீதிச் சில்லறையாக உங்கள் கைக்கு இருவகை நாணயங்கள் வரும். ஒன்று அமெரிக்காவினுடையது. மற்றொன்று ஈக்வடார் வெளியிடும் சென்தாவோ நாணயங்கள். அளவும் மதிப்பும் ஒன்றே. அமெரிக்காவில் அரிதாகவே கையில் புழங்கும் ஒரு டாலர் உலோக நாணயம் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

பயணக் காப்பீடு வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாதுகாப்பு உண்டா, உயரத்தால் வரும் நோய் சேர்க்கப்பட்டுள்ளதா, எத்தனை மீட்டர் வரை? சில திட்டங்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. கீழே குறிப்பிடும் கம்பிவட ஊர்தியின் உச்சி அந்த வரம்பைத் தொடக்கூடும்.

எதை முதலில் பார்ப்பது?

புகழை வைத்தன்று, உயரத்தை வைத்தே காட்சிகளை வரிசைப்படுத்துங்கள். அவ்வாறு பார்த்தால் முதலில் வருவது, வியப்பாக, நிலநடுக்கோடு. நகரின் வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ‘உலகின் நடுவிடம்’ நினைவுச்சின்னம் கீத்தோவைவிடத் தாழ்வானது. 2,500 மீட்டருக்குச் சற்றுக் கீழே. 1736இல் பிரெஞ்சு அறிவியல் குழுவொன்று இப்பகுதிக்கு வந்து, பூமியின் வடிவத்தை அறியப் பல ஆண்டுகள் மலை மலையாக ஏறி அளந்தது. பூமி நடுவில் சற்றுப் புடைத்தும் துருவங்களில் தட்டையாகவும் உள்ளது என்ற கருத்து அந்த அளவைகளால் வலுப்பெற்றது. 30 மீட்டர் உயரச் சின்னத்தின் வழியே செல்லும் மஞ்சள் கோட்டில் இரு கால்களையும் இருபுறம் வைத்துப் படமெடுத்துக்கொள்ளாதவர் இல்லை. செயற்கைக்கோள் கணக்கின்படி உண்மைக் கோடு அதற்கு வடக்கே ஏறத்தாழ 240 மீட்டரில் செல்கிறது. அருகே தனியார் காட்சிக்கூடத்தில், கோட்டின் இருபுறமும் தொட்டி நீர் எதிரெதிராகச் சுழல்வதாகக் காட்டுவார்கள். அது கைத்திறன். அத்தனை சிறிய தொட்டியில் பூமியின் சுழற்சி அப்படிப் புலப்படாது. பார்த்து மகிழ்வதில் தவறில்லை.

அடுத்து பழைய நகரம். 1978இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே இடம்பெற்ற நகரங்கள் கீத்தோவும் போலந்தின் கிராக்கோவும். லா கொம்பாஞியாவின் கட்டுமானம் 1605இல் தொடங்கி 1765இல்தான் நிறைவுற்றது. வெளியே சாம்பல்நிற எரிமலைக் கல். உள்ளே நுழைந்தால் சுவர், தூண், விதானம் எங்கும் பொன் தகடு. பகல் வெளிச்சத்திலிருந்து உள்ளே செல்வோர் கண் பழகச் சிறிது நேரம் வாசலருகே நிற்பது நல்லது. சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் முதன்மைப் பீடத்தில், பெர்னார்தோ தெ லெகார்தா 1734இல் செதுக்கிய சிறகு கொண்ட அன்னை மரியாளைக் காணலாம். அச்சிற்பத்தின் பேருருவே ஊரின் நடுவில் பனெசியோ குன்றின் உச்சியில் அலுமினியத்தில் நிற்கிறது. அக்குன்றுக்கு நடந்து ஏறாதீர்கள்; வழியில் திருட்டு நிகழ்வதுண்டு. வாடகைக் காரை அமர்த்தி, காத்திருக்கச் சொல்லித் திரும்புங்கள்.

பசிலிக்கா தேவாலயத்தின் வெளிச்சுவரில், ஐரோப்பியப் பேய்முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஆமையும் உடும்பினமான இகுவானாவும் குரங்கும் எட்டிப் பார்க்கின்றன. கோபுரத்தின் செங்குத்தான ஏணிகள் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அன்று. ஓவியர் குவயசமினின் ‘மனிதனின் ஆலயம்’ அரைநாளுக்கு உரியது. ஏழைகளின் கைகளை அவர்போல் வரைந்தவர் சிலரே. நகருக்குள் செல்ல, 2023 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ இரயில் வசதியானது. 22 கிலோமீட்டர், 15 நிலையங்கள், 45 சென்ட் கட்டணம்.

கம்பிவட ஊர்தியை நான்காம் நாளுக்கு முன் நாடாதீர்கள். ஏறத்தாழ 3,100 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்குச் சில நிமிடங்களில் தூக்கிச் செல்வது அது. உடலுக்கு அத்தகைய ஏற்றம் இயல்பன்று. வந்த மறுநாளே அங்கே செல்வதுதான் இப்பயணத்தில் மிக எளிதாகச் செய்யக்கூடிய தவறு. காலையில் செல்லுங்கள்; பிற்பகலில் மேகம் இறங்கிவிடும். வானம் தெளிந்திருந்தால் 5,897 மீட்டர் உயரக் கொத்தபாக்ஸியின் பனிமுடி தெற்கே தெரியும். கொத்தபாக்ஸி பூங்காவுக்கே செல்வதாயின் அது இறுதி நாட்களுக்கு உரியது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்நாளில் மிந்தோவுக்கு இறங்கித் தேன்சிட்டுகளைப் பார்க்கலாம். இழப்பென்று கருத வேண்டியதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஆண்டு முழுதும் பகலில் இருபது பாகைக்கு அருகே, இரவில் பத்துப் பாகைக்கு அருகே வெப்பநிலை நிலவும். சூரியன் எந்நாளும் காலை ஆறேகால் மணியளவில் உதிக்கும். குளிர்ச்சியில் தெரியாவிட்டாலும் வெயில் கடுமையானது. தொப்பியும் தோல் பாதுகாப்புக் களிம்பும் வேண்டும். சைவ உணவினர் பட்டினி கிடக்க மாட்டார்கள். உருளைக்கிழங்கின் தாயகம் ஆண்டிஸ் மலை. பாலாடைக்கட்டியும் அவகாடோவும் சேர்த்த ‘லோக்ரோ’ என்னும் கிழங்குச் சாறு, ‘யபிங்காச்சோ’ என்னும் கிழங்கு அடை, மக்காச்சோள இலையில் வேகவைத்த ‘உமீதா’ ஆகியன கிடைக்கும். சாற்றில் கோழிநீர் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘சின் கார்னே, சின் போயோ’ என்றால் இறைச்சியும் கோழியும் வேண்டாம் என்று பொருள்.

கலாபகோஸ் தீவுகளையும் சேர்ப்பவர்கள், 2024 ஆகஸ்டு முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 200 டாலர் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின் கையிலிருக்கும் டாலர் நோட்டுகளில் 2,000 வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைத்து ரூபாயாக்க வேண்டும். சென்தாவோ நாணயங்களை எவரும் மாற்றித் தர மாட்டார்கள். ஈக்வடாரின் எல்லையைத் தாண்டினால் அவை வெறும் உலோகமே. அவற்றைத் தபபேலா விமான நிலையத்திலேயே ஒரு கோப்பை காப்பிக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.